மணிக்கு 0.2 மில்லி

போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும், எங்க கம்பெனிக்கு நண்டு கொண்டு வர்ற தம்பி ஒருத்தன் போன் அடிக்கிறான். அந்த நேரத்துல அவன் அடிச்சா ஒண்ணு இஞ்சின் கோளாறா இருக்கும், இல்லாட்டி அட்வான்ஸ் கேப்பான். எடுத்தா ரெண்டும் இல்ல. "அண்ணே, வீட்ல டெலிவரி ஆயிருச்சுண்ணே, ஏழாம் மாசமே. பிள்ள ஒண்ணே கால் கிலோதாண்ணே"ங்குறான். குரலே வரல, வெறும் காத்துதான் வருது. பிள்ள மூச்சு விடுதான்னு கேட்டேன், மெஷின் வச்சிருக்காங்கன்னான். ட்ரிப்ஸ் ஏறுதான்னு கேட்டேன், ஏறுதுண்ணேன்னான். "அதுல என்ன ஏறுது?"ன்னேன். அவனுக்குப் புரியல. "ட்ரிப்ஸ்தாண்ணே... குளுக்கோஸு."

இதே பதில நான் ஒரு காலத்துல எங்கம்மாகிட்ட சொல்லிருக்கேன், அதும் பெரிய விவரம் தெரிஞ்சவன் மாதிரி. அந்தக் கதையத்தான் எழுதப்போறேன், ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தது.

நம்ம வேலை என்னன்னு தெரியாதவங்களுக்கு, மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனில எடை போடுறதும் கணக்கு எழுதுறதும் நாந்தான். 2018 மே மாசம், தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, நாட்டுப்படகு சரக்கு மட்டும் கொஞ்சம் வரும், மத்தியானத்துக்கு மேல வேலை கிடையாது. தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தா, மச்சான் குவைத்துல. 29 வாரம் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தலைவலிங்குறா, சாயங்காலம் கண்ணு மங்குதுங்குறா, காலு பன்னு மாதிரி வீங்கிருச்சு. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனா பிரஷர் 170ஐ தாண்டிருச்சு, உடனே பிள்ளைய எடுக்கலன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு கையெழுத்து வாங்கிட்டு உள்ள கொண்டு போயிட்டாங்க. ராத்திரி பத்தே முக்காலுக்குப் பிள்ள பொறந்துச்சு, பொம்பளப் பிள்ள. எனக்கு மருமக. 1080 கிராம்.

வேற யாருக்காவது 1080 கிராம்னா அது ஒரு நம்பர். எனக்கு அப்படி இல்ல, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எடைதான் என் பொழப்பு, 1080 கிராம்னா கை தானா அந்தக் கனத்த நெனச்சுப் பாக்கும். ஆறேழு நண்டு. ஒரு கையில தூக்கிருவேன். அந்த நெனப்பு வந்ததும் வராண்டாவுல அப்படியே உக்காந்துட்டேன்.

மறுநாள் காலையில டாக்டர் கூப்பிட்டு சொன்னாரு, மூச்சுக்கு மூக்குல குழாய் வச்சிருக்கோம், குடல் இன்னும் பக்குவம் ஆகல, இப்ப பால் குடுக்க முடியாது, ட்ரிப்ஸ் ஏறுது, பாப்போம். நான் வெளிய வந்து அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். அம்மா கேட்டுச்சு, "பச்சப்புள்ள வயித்துக்கு ஒண்ணுமே இல்லாம எப்படிடா கெடக்கும்?" நான், "குளுக்கோஸ் ஏறுதும்மா, எல்லாம் அதுலயே இருக்கு"ன்னேன். "சர்க்கரத் தண்ணியில என்னடா இருக்கு?"ன்னுச்சு அம்மா. நான் எரிஞ்சு விழுந்தேன், ஒனக்கென்னம்மா தெரியும் சும்மா இருன்னேன். மூணாங்கிளாஸ் தாண்டாத எங்கம்மா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, அது எனக்குத் தெரியறதுக்கு மறுநாள் ராத்திரி ஆயிருச்சு.

செவ்வாக்கிழமை மத்தியானம்தான் மதுரைக்கு கொண்டு போகச் சொன்னாங்க. கிட்டத்தட்ட நாப்பது மணி நேரம் கழிச்சு. கண்ணாடிப் பெட்டி வச்ச ஆம்புலன்ஸ், நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல. பரமக்குடி தாண்டி மானாமதுரை தாண்டி திருப்புவனம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல நான், பின்னாடி அந்த மிஷினு டிங் டிங்னு அடிக்கிற சத்தத்தையே கேட்டுக்கிட்டு வந்தேன், சத்தம் மாறுனா திரும்பிப் பாப்பேன்.

மதுரையில ராத்திரி டூட்டியில இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பிள்ளைய உள்ள செட் பண்ணிட்டு வெளிய வந்து மொதக் கேள்வி, "ரெண்டு நாளா அமினோ ஆசிட் ஏதும் போட்டாங்களா, இல்ல குளுக்கோஸ் மட்டுமா?" நான் முழிச்சேன். சீட்டப் பாத்துட்டு, சரி குளுக்கோஸ் மட்டும்தான்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. மொகத்துல ஒரு சலிப்பு வந்து போச்சு, என் மேல இல்ல. நான் விடல, அப்ப அது சாப்பாடு இல்லையான்னு கேட்டேன். நின்னு சொன்னாங்க பாருங்க, பதினஞ்சு நிமிசம், ஒரு எக்ஸ்ரே கவர் பின்னாடி பேனாவால எழுதி எழுதி. அந்தக் கவர் இன்னமும் எங்கிட்ட இருக்கு.

அவங்க போட்ட கணக்கு இதுதான். 10 பர்சன்ட் குளுக்கோஸ், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லி. அப்படின்னா சர்க்கரை 8 கிராம். ட்ரிப்ஸ்ல வர்ற சர்க்கரை ஒரு கிராமுக்கு 3.4 கலோரி. மொத்தம் 27 கலோரி. இந்த சைஸ் பிள்ள வளரணும்னா கிலோவுக்கு 90ல இருந்து 120 கலோரி வேணும். மூணுல ஒரு பங்கு கூட இல்ல. சரி மிச்சம் எங்க இருந்து எடுக்கும்னா தன் உடம்புல இருந்துதான் எடுக்கணும், அங்க என்ன இருக்கு? கொழுப்பெல்லாம் கடைசி ரெண்டு மூணு மாசத்துலதான் பிள்ளைக்கு சேரும், ஒரு கிலோ பிள்ள உடம்புல ரெண்டு பர்சன்ட் கூட கொழுப்பு இருக்காது. அப்ப சதையக் கரைக்கும். வெறும் குளுக்கோஸ்ல கெடந்தா ஒவ்வொரு நாளும் உடம்புல இருக்குற புரோட்டீன்ல நூத்துல ஒரு பங்குக்கு மேல போயிரும், கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல. ஒண்ணுமே குடுக்காம விட்டா இந்தப் பிள்ளைகளோட சேமிப்பு நாலஞ்சு நாளைக்குத்தான் தாங்கும்.

குளுக்கோஸ் போட்டது தப்பில்ல, அத அவங்களும் சொன்னாங்க, சர்க்கரை இறங்கிட்டா மூளைக்கு ஆபத்து, அதனால மொத நிமிசத்துல இருந்து அது வேணும். அது மட்டுமேன்னு விட்டதுதான் பிரச்சனை. "வயித்துல இருக்கும்போது தொப்புள்கொடி வழியா எந்நேரமும் புரோட்டீன் போய்க்கிட்டே இருந்துச்சுல்ல, கொடிய வெட்டுன உடனே அது ஸ்டாப் ஆயிருச்சு, பிள்ளைக்கு அது தெரியாது, உடம்பு வளர்ற வேகத்துலயேதான் இருக்கும்"னாங்க. மொத நாள்லயே அமினோ ஆசிட், அதாவது ட்ரிப்ஸ்ல குடுக்குற புரோட்டீன், கிலோவுக்கு ஒன்றரை கிராமாச்சும் ஆரம்பிக்கணுமாம், ரெண்டாம் நாள்ல இருந்து ரெண்டரை, மூணரைன்னு போகணுமாம். பொறந்த எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ இருக்குற பிள்ளைகளுக்கு இதுதான் வழக்கம்.

மொத ஆஸ்பத்திரி மேல எனக்குக் கோவம் இருந்துச்சு, இன்னமும் கொஞ்சம் இருக்கு. என் தங்கச்சி உசுரக் காப்பாத்துனதும் அவங்கதான், அத மறக்கல. அமினோ ஆசிட் போடுற வசதி அவங்ககிட்ட இல்ல, இல்லங்குறதுக்குக் கோவம் இல்ல, இல்லன்னு மொத ராத்திரியே சொல்லிருக்கலாம்ல? "ட்ரிப்ஸ் ஏறுது, பாப்போம்"னு சொன்னா, எங்கள மாதிரி ஆளுக்கு அது ஏதோ நடந்துக்கிட்டிருக்குன்னுதான் காதுல விழும்.

டிபிஎன். ஆஸ்பத்திரியில எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, நரம்பு வழியா குடுக்குற முழுச் சாப்பாடு. அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டாங்க. அதத் தயார் பண்ற எடத்த ஒரு நாள் கண்ணாடி வழியா பாத்தேன், ஒரு மேடை, அதுக்குள்ள சுத்தமான காத்து ஒரே தெசையில ஓடிக்கிட்டே இருக்கும், தூசி கிருமி உள்ள விழாது. ஒரு சிஸ்டர் கவுன் மாஸ்க் கிளவுஸ் எல்லாம் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா சிரிஞ்சுல இழுத்து இழுத்து சேக்குறாங்க, சர்க்கரை, அமினோ ஆசிட், உப்பு, பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின், துத்தநாகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி சீட்டு, தெனமும் புதுக் கணக்கு, நேத்து எடை, நேத்து ரத்த சர்க்கரை, நேத்து சோடியம், அதப் பாத்துட்டுத்தான் இன்னைக்கு அளவு. கால்சியமும் பாஸ்பரஸும் அளவு மீறி ஒண்ணாச் சேந்தா பைக்குள்ளயே திரிஞ்சு பொடி மாதிரி படிஞ்சுருமாம். நான் வாலிநோக்கம் உப்பளம் பாத்து வளந்தவன், தண்ணியில இருந்து உப்புப் பூக்குறது எனக்கு அழகுதான், ஆனா ஒரு கிலோ பிள்ள ரத்தக்குழாய்க்குள்ள அப்படி ஒண்ணு போனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

மறுநாள் புதன்கிழமை இன்னொரு சிரிஞ்ச் ஏறுச்சு. அலுமினியம் பேப்பர் சுத்தி, பொட்டலம் மாதிரி. டியூபும் சுத்திருக்கு. பிள்ளைக்குப் போய் சேர்ற எடத்துல கொஞ்சூண்டு மட்டும் தெரியுது, பால் மாதிரி வெள்ளையா. நான் பதறிட்டேன், பால நரம்புல ஏத்துறாங்களான்னு. சிஸ்டர் சிரிச்சாங்க, பால் இல்லண்ணா, லிப்பிட், எண்ணெய். எண்ணெய்ய எப்படி ரத்தத்துல விடுவாங்கன்னு எனக்கு அடுத்த பதட்டம். எண்ணெய்யப் பொடிப்பொடித் துளியா அடிச்சு தண்ணியோட கலந்து நிக்குற மாதிரி பண்ணிருக்காங்க, அப்படிப் பிரியாம நிறுத்தி வைக்கிறது முட்டை மஞ்சக்கருவுல இருந்து எடுக்குற ஒரு பொருள். வெளிச்சம் பட்டா எண்ணெய் கெட்டு பிள்ளைக்கு ஆகாத பொருள் உண்டாகும், அதுக்குத்தான் அந்த அலுமினியம் பேப்பர்.

பம்ப்ல நம்பர் ஓடுது, 0.2. மணிக்கு 0.2 மில்லி. நாள் பூரா ஏறுனாலும் அஞ்சு மில்லிக்குள்ளதான், ஒரு டீஸ்பூன். கிலோவுக்கு ஒரு கிராம் கொழுப்புன்னு ஆரம்பிச்சு தாங்குதான்னு பாத்துப் பாத்து மூணு கிராம் வரைக்கும் கொண்டு போனாங்க. எங்க கம்பெனி தராசுல அஞ்சு கிராமுக்குக் கீழ காட்டாது. நாங்க அம்பது கிராம் நூறு கிராமெல்லாம் கழிவுன்னு கழிச்சு விடுற ஆளுங்க.

அப்புறம் அது என்ன எண்ணெய்னு கேட்டேன் பாருங்க, அங்கதான் ஆச்சரியம். நாலு எண்ணெய் கலந்ததாம். சோயா, ஆலிவ், மூணாவது தேங்காய் எண்ணெய் மாதிரியான எண்ணெய்கள்ல இருந்து பிரிக்கிற லேசா ஜீரணமாகுற கொழுப்பு, நாலாவது மீன் எண்ணெய். மீன் எண்ணெய் நூத்துக்குப் பதினஞ்சு பங்கு. அம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன், உம் பேத்திக்குத் தேங்காயும் மீனும் ஏறுதும்மான்னு. ரெண்டு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் அது குரல்ல ஒரு உசுரு வந்துச்சு. "என்ன மீனுடா? சூடையா?"ன்னு கேட்டுச்சு. சத்தியமா நான் போய் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவங்க ஒரு நிமிசம் என்னைப் பாத்துட்டு, பாட்டில்ல மீன் பேரெல்லாம் போட மாட்டாங்க சார்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ராத்திரி வராண்டாவுல தூக்கம் வராது, கொசு வேற, போன்ல இதையே தேடித் தேடிப் படிப்பேன். 1960கள் வரைக்கும் குடல் வேலை செய்யாத பிள்ள பொறந்தா பட்டினியிலயே போயிரும், வேற வழி கிடையாது. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஸ்டான்லி டட்ரிக்னு ஒரு டாக்டர், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய் வழியா ஒண்ணும் குடுக்காம நெஞ்சுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வழியாவே எல்லாச் சத்தும் குடுத்து வளத்துக் காட்டிருக்காரு. அதுக்கப்புறம் குடல் அடைப்போட பொறந்த ஒரு பச்சப்பிள்ளைக்கு அதே மாதிரி குடுத்தாங்க, எடை ஏறுச்சு, தலை சுத்தளவு வளந்துச்சு, 1968ல மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. எண்ணெய் சமாச்சாரம் தனிக் கதை, மொதல்ல அமெரிக்காவுல பருத்திக்கொட்டை எண்ணெய்ல பண்ணிப் பாத்து நோயாளிகளுக்கு ஒத்துக்காம விட்டுட்டாங்க (மதுரையில உக்காந்து பருத்திப்பால் குடிச்சுக்கிட்டே இதப் படிச்சேன், அது வேற இது வேற), ஸ்வீடன்ல ஆர்விட் ரெட்லின்ட்னு ஒருத்தர்தான் சோயா எண்ணெய்யும் முட்டைக்கருவும் வச்சு ஒத்துக்குற மாதிரி ஒண்ணு கண்டுபிடிச்சாரு. அந்த நாய்க்குட்டிகள நெனச்சா ஒரு மாதிரியா இருந்துச்சு.

இதெல்லாம் பெரிய விஞ்ஞானம்தான், ஆனா டாக்டரம்மா தெனமும் கேட்டது ஒரே கேள்வி. "அம்மா பால் எப்ப வரும்?"

தங்கச்சி இன்னும் டவுன் ஆஸ்பத்திரியில, பிரஷர் எறங்கல, வெள்ளிக்கிழமை வரைக்கும் விட மாட்டேன்னுட்டாங்க. பிள்ள 110 கிலோமீட்டர் தள்ளி. குடல் சும்மா கெடந்தா அதோட சுவரு மெலிஞ்சு போகுமாம், அதனால டிபிஎன் ஏறும்போதே சொட்டு சொட்டா தாய்ப்பால் வயித்துக்குள்ள விடணும், அது சாப்பாட்டுக்கு இல்ல, குடல எழுப்பி விடுறதுக்கு. பவுடர் பால் குடுத்தா இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகிப் போற ஒரு நோய் வர்ற வாய்ப்பு அதிகம், தாய்ப்பால்ல அது கம்மி. சரி, பால நான் கொண்டு வரேன்னுட்டேன். ஐஸ்ல வச்சு சரக்கு அனுப்புறதுதான நம்ம தொழிலே.

செவ்வாக்கிழமை ராத்திரியே பஸ் புடிச்சு ஊருக்கு வந்துட்டேன், புதன்கிழமை காலையில முத டிரிப். கம்பெனில இருந்து புது தெர்மாகோல் பெட்டி ஒண்ணு, அடியில நொறுக்கு ஐஸ், மேல கவர், அதுமேல துண்டு. தங்கச்சி ராத்திரியெல்லாம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கையால அமுக்கி அமுக்கி அழுதுக்கிட்டே எடுத்தது, சீம்பால், மஞ்சளா, ரெண்டு சின்ன சிரிஞ்சுல மூடி போட்டு. மொத்தம் மூணு மில்லி. 25 கிலோ சரக்கு வைக்கிற பெட்டியில மூணு மில்லி. பஸ்ல மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், பக்கத்துல ஒரு பெருசு, "தம்பி என்ன மீனு?"ங்குறாரு. என்ன சொல்றது, பால்னு சொன்னேன், பால் சுறாவான்னு கேட்டாரு, ஆமாய்யான்னுட்டேன்.

ஆஸ்பத்திரியில சிஸ்டர் மூடியத் தெறந்ததும் மொகத்த ஒரு சுளி சுளிச்சாங்க. "அண்ணா, இது என்ன வாடை?" பெட்டி புதுசுதான், ஆனா குடோன்ல கெடந்ததுல்ல. சிரிஞ்ச் ரெண்டையும் வெளியில தொடச்சு வாங்கிக்கிட்டாங்க, பெட்டிய ஏரியாவுக்குள்ளயே கொண்டு வரக்கூடாதுன்னுட்டாங்க, மறுநாள்ல இருந்து டிபன் கேரியர் சைஸுல ஐஸ் பாக்ஸ் ஒண்ணு கடையில வாங்குனேன். அன்னைக்கு சாயங்காலம் பஞ்சுல கொஞ்சம் தொட்டு பிள்ள கன்னத்துக்குள்ள தடவி விட்டாங்க, ஒரு மில்லி மூக்குக் குழாய் வழியா வயித்துக்குப் போச்சு. சிரிஞ்ச மேல தூக்கிப் புடிச்சாங்க, அது பாட்டுக்கு எறங்குச்சு, அமுக்கவே இல்ல. எறங்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நான் பாக்கல, பிள்ள வாயத்தான் பாத்தேன். உதட்ட ஒரு தடவ சப்புச்சு.

வெள்ளிக்கிழமை தங்கச்சியே வந்துட்டா. அம்மாவும் வந்துருச்சு, சுறாப்புட்டு, காரல் சாறு, பூண்டுக் குழம்புன்னு தூக்குவாளியில. காரல் சாறு குடிச்சா பால் ஊறும்னு எங்க ஊர்ல சொல்றது, அதுல எவ்வளவு உண்மையோ, பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்தாத்தான் ஊறும்னு சிஸ்டர் சொன்னாங்க, ஒரு நாளைக்கு எட்டு தடவையாச்சும். ரெண்டும் நடந்துச்சு, பால் ஊறுச்சு, யாருக்குப் பேரு போகணும்னு எங்கம்மாகிட்ட யாரும் வாதாடல.

எடை கொறைஞ்சுக்கிட்டே போச்சு. 1080, 1040, 1005, 975. மொத வாரம் நூத்துக்குப் பத்து பங்கு கொறையறது சகஜம், தண்ணி வத்துறது, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டாங்கதான், ஆனா ஒரு கிலோவுக்குக் கீழ போன அன்னைக்கு நான் சோறு திங்கல. அதுக்கப்புறம் நின்னுச்சு. ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. அப்புறம் 8 கிராம் ஏறுச்சு. 8 கிராம்! சீட்டுல பாத்துட்டு மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், குவைத்துல ரூம்ல இருக்குறவங்க எல்லாம் கை தட்டுனாங்கன்னு சொன்னாரு.

ஒம்பதாம் நாள் ராத்திரி பயமுறுத்திட்டா. மூச்சு அப்பப்ப நிக்குது, உடம்பு சில்லுன்னு ஆகுது, நெறம் மங்குது. டிபிஎன் ஏறுற லைன்ல கிருமி பூந்திருக்குமோன்னு ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பி ஊசி ஆரம்பிச்சாங்க. இந்த வைத்தியத்துல பெரிய பயமே அதுதான். சர்க்கரை, புரோட்டீன், கொழுப்பு எல்லாம் ஒரே டியூப்ல நேரா ரத்தத்துக்குப் போகுது, நமக்கு சாப்பாடுன்னா கிருமிக்கும் சாப்பாடுதான. அதுக்கு முன்னாடி வரைக்கும் சிஸ்டருங்க முழங்கை வரைக்கும் கழுவுங்க கழுவுங்கன்னு விரட்டுறப்ப எனக்கு எரிச்சலா இருக்கும், அன்னைக்கு ராத்திரிக்கப்புறம் நானே வர்ற போற சொந்தக்காரங்கள விரட்ட ஆரம்பிச்சுட்டேன், எங்க சித்தப்பா ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனவரு காது குத்துக்குத்தான் திரும்பி வந்தாரு. மூணாம் நாள் கல்ச்சர்ல கிருமி ஒண்ணும் வளரலன்னு வந்துச்சு, பிள்ளையும் தெளிஞ்சுட்டா. என்ன ஏதுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல.

இன்னொண்ணு, ரொம்ப நாள் டிபிஎன்லயே இருந்தா ஈரல் பாதிக்கும், பித்தம் தேங்கி மஞ்சக்காமாலை வரும், மலம் வெளுத்துப் போகும். அதனால வாராவாரம் ரத்தம் பாத்தாங்க. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்தவும் செய்யணும், அதான் அதோட கணக்கு.

பால் ஒரு மில்லி, ரெண்டு, அஞ்சு, எட்டு, பத்துன்னு ஏறுச்சு. பால் ஏற ஏற டிபிஎன் கொறைச்சாங்க, தராசுல ஒரு தட்டு ஏற இன்னொரு தட்டு எறங்குற மாதிரி. பதினாலாம் நாள் காலையில பால் மட்டும் கிலோவுக்கு 120 மில்லி தாண்டுச்சு. அன்னைக்கு எடை 1090, பொறந்த எடைக்குத் திரும்பி வந்து பத்து கிராம் லாபம். சிஸ்டர் வந்து பம்ப ஆஃப் பண்ணி அந்த அலுமினியம் பேப்பர் பொட்டலத்தக் கழட்டுனாங்க, லைனையும் உருவுனாங்க, நூல் மாதிரி இருந்துச்சு, அவ்வளவு நீளமா அவ்வளவு சின்னக் கைக்குள்ள இருந்துச்சான்னு தோணுச்சு. எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள திக்குன்னு இருந்துச்சு. அந்த பம்ப் நம்பரப் பாத்துப் பாத்துப் பழகிருச்சுல்ல.

மிச்சம் எல்லாம் மெதுவா நடந்த கதை. தங்கச்சி நெஞ்சோட கட்டி வச்சுக் கங்காரு மாதிரி தூக்கி வச்சுக்கிட்டா, நாளைக்கு 20 கிராம் 25 கிராம்னு ஏறுச்சு, 33 வாரக் கணக்குல பாலாடையில குடுத்துப் பாத்தாங்க, 34ல சப்பத் தெரிஞ்சுக்கிட்டா. 43வது நாள் 1690 கிராமோட ஊருக்குக் கெளம்புனோம். தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிருந்துச்சு. இப்ப ஸ்கூலுக்குப் போறா. ஒல்லிதான், ஆனா வாய் இருக்கே, அது மட்டும் நல்லா நிறை எடைல பொறந்த வாய். அவ காதுகுத்துக்கு மாமன் சீரா தோடு வாங்கப் போனப்ப நகைக்கடைக்காரன் தராசுல மில்லிகிராம் வரைக்கும் காட்டுனான், நான் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னேன், தங்கச்சி என்னண்ணே வெலை ஜாஸ்தியான்னு கேட்டா.

சரி, அந்தத் தம்பி. நான் போன்ல ரெண்டே ரெண்டு சொன்னேன். ஒண்ணு, உள்ள போய் டாக்டர்கிட்ட மரியாதையா கேளு, அமினோ ஆசிட் ஆரம்பிச்சாச்சா, இங்க அந்த வசதி இருக்கா, இல்லாட்டி எங்க இருக்கு. ரெண்டு, ஒம் பொஞ்சாதிக்கு வலி கொஞ்சம் தணிஞ்சதும் பால் எடுக்கச் சொல்லு, சொட்டு வந்தாலும் சேத்து வையி, வரலன்னு விட்டுறாத. அவன் எழுதிக்கிறேண்ணேன்னு பேனா தேடுனான், கிடைக்கல, நான் வாட்ஸப்ல அடிச்சு அனுப்புனேன்.

மறுநாள் பதில் இல்ல. நானும் அடிக்கல, அந்த நேரத்துல போன் அடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மூணாம் நாள் காலையில தராசு முன்னாடி உக்காந்திருக்கேன், ஒரு போட்டோ வருது. மங்கலா, கை நடுங்கி எடுத்தது. ஒரு பம்ப், அதுல அலுமினியம் பேப்பர் சுத்துன ஒரு சிரிஞ்ச். கீழ எழுதிருந்தான், "அண்ணே இது எதுக்கு சுத்திருக்காங்க?"

நண்டுக்காரங்கள ஓரமா உக்காரச் சொல்லிட்டு அவனுக்கு போன் போட்டேன்.